ஒப்புக்கொண்ட வழக்குக்கு அப்பீல்: இலவசச் சட்ட உதவியில் என் அனுபவம்

சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகக் கிடைக்கும் இலவச வழக்கறிஞர் சேவைக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் கடைசியில் சொல்கிறேன். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனையும் வந்து, அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற குடும்பத்துக்குப் பயன்படட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். பட்டா மனு, வாரிசுச் சான்று மனு எல்லாம் டைப் அடித்துக் கொடுப்பேன். கோர்ட்டுக் காகிதங்களும் கட்டுக் கட்டாக என் கை வழியாகப் போயிருக்கின்றன. ஒன்றையும் நின்று படித்ததில்லை. 2023 பிப்ரவரியில் என் தம்பியைக் கஞ்சா வழக்கில் பிடித்த பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன்.

அவன் மினி லாரி ஓட்டுகிறவன். சீட்டுக்குப் பின்னால் இருந்த பையில் 1 கிலோ 400 கிராம் இருந்தது. அவன் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பை யாருடையது, எவ்வளவு காசுக்கு ஆசைப்பட்டான் என்பதெல்லாம் எங்கள் வீட்டுக்குள் பேசி, திட்டி, அழுது முடித்த விஷயம்.

இந்த எடைக் கணக்கை முதலிலேயே புரிந்துகொண்டால் நல்லது. கஞ்சா 1 கிலோவுக்குக் கீழே என்றால் போதைப்பொருள் சட்டத்தில் (என்.டி.பி.எஸ்.) அது சிறிய அளவு; அதிகபட்சம் ஒரு வருடம், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. குறைந்தது 10 வருடம், அதற்குக் கீழே நீதிபதி நினைத்தாலும் இறங்க முடியாது. இரண்டுக்கும் நடுவே இருந்தால் 10 வருடம் வரை தண்டனை, 1 லட்சம் வரை அபராதம். ஆனால் இந்த நடுப்பகுதியில் குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் எழுதவில்லை. என் தம்பியை நடுவில் தள்ளியது 400 கிராம்.

நாங்கள் முதலில் வைத்த வக்கீலுக்கு 35,000 ரூபாய் கொடுத்தோம். ஜாமீன் மனு தள்ளுபடியானது. ஜூலையில் குற்றச்சாட்டு வனைகிற நாள், அதாவது என்ன குற்றம் என்று கோர்ட் முறைப்படி எழுதிப் படித்துக் காட்டுகிற நாள் வந்தது. அதற்கு முதல் வாரம் அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "ஒத்துக்கச் சொல்லுங்கம்மா. உள்ள இருந்த அஞ்சு மாசத்தோட விட்டுருவாங்க." தம்பி மனைவிக்கு அப்போது எட்டாவது மாதம். குழந்தை பிறக்கும்போது வீட்டில் இருக்கலாம் என்று தம்பி உடனே தலையாட்டிவிட்டான். சொல்லிக் கொடுத்தபடியே நீதிபதி முன்னால் நின்றான். யாராவது வற்புறுத்தினார்களா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றான்.

நான்கு வருடக் கடுங்காவல். 25,000 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மேலும் ஆறு மாதம்.

வராண்டாவில் வைத்து வக்கீலிடம் கேட்டேன். "ஒத்துக்கிட்ட கேஸுக்கு அப்பீல் கிடையாதும்மா" என்றார். அதோடு அவர் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். உறவினர் ஒருவர் வேறு ஒரு வக்கீலிடம் கூட்டிப் போனார். இவர் அதற்கு நேர் எதிர். 60,000 கொடுத்தால் விடுதலையே வாங்கித் தருவதாகச் சொன்னார். எதை வைத்து விடுதலை என்று கேட்டேன். "அத நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் கேட்ட முன்பணத்துக்காக என் செயினை அடகு வைக்கலாமா என்று யோசிப்பதிலேயே நாள் போனது. தீர்ப்பு நகலுக்காகத் தனியாகப் பன்னிரண்டு நாள் அலைந்தேன். சிறைத்தண்டனை விதித்தால் தீர்ப்பு நகலை இலவசமாக அப்போதே குற்றவாளியின் கையில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கொடுத்தும் இருக்கிறார்கள். தம்பி அதை மடித்துத் துணிப்பைக்குள் வைத்திருந்தான். அவனுக்கு அது என்னவென்று தெரியவில்லை, எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

அக்டோபர் முதல் வாரம் மனு பார்க்க (தம்பியை நேரில் சந்திக்க) சிறைக்குப் போனபோதுதான் வழி திறந்தது. சிறைக்குள்ளேயே சட்ட உதவி மையம் ஒன்று இருக்கிறது. பயிற்சி பெற்ற சிறைவாசி ஒருவர் அங்கே சட்டத் தன்னார்வலராக உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் தம்பிக்கு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறார். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, காவலில் இருக்கிற யாருக்கும் இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. இது தெரிந்திருந்தால் ரிமாண்ட் அன்றைக்கே கேட்டிருக்கலாம். 35,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். அதைவிட முக்கியம், ஒப்புக்கொள்வதற்கு முன்னால் வேறொருவரிடம் யோசனை கேட்டிருக்கலாம்.

பதினைந்து நாளில் உயர் நீதிமன்றத்தில் வாதாட ஒரு பெண் வழக்கறிஞரை ஒதுக்கினார்கள். தென் மாவட்டங்களுக்கு 2004 ஜூலையிலிருந்து மதுரைக் கிளை இருப்பதால் சென்னை வரை போக வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

அந்த முதல் சந்திப்பைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தது. நாற்பது நிமிடம் உட்காரவைத்துப் பேசினார். தீர்ப்பை முழுவதும் என் எதிரிலேயே படித்தார். தீர்ப்பில் என் தம்பிக்குப் பெயர் "எதிரி", அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். "குற்றச்சாட்டு படித்துக் காட்டி விளக்கப்பட்டது, எதிரி தானாக முன்வந்து ஒப்புக்கொண்டார்" என்ற வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டார். பிறகு, "முதல்ல எது கிடைக்காதுன்னு சொல்லிடறேன்மா, அப்புறம் எது கிடைக்கும்னு பேசலாம்" என்றார். அதுவரை எங்களிடம் யாரும் அந்த வரிசையில் பேசியதில்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். அப்பீலே கிடையாது என்று முதல் வக்கீல் சொன்னது பாதிதான் உண்மை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 375ஆம் பிரிவு, (2024 ஜூலை 1 முதல் வந்திருக்கிற புதிய சட்டத்தில் 416ஆம் பிரிவு) என்ன சொல்கிறது என்றால், செஷன்ஸ் கோர்ட்டிலோ மாஜிஸ்திரேட் கோர்ட்டிலோ ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தான் குற்றவாளி என்ற முடிவை எதிர்த்து அப்பீல் போட முடியாது. ஆனால் தண்டனையின் அளவையும், அந்தத் தண்டனை சட்டப்படி சரியா என்பதையும் கேட்டு அப்பீல் போடலாம். போதைப்பொருள் சிறப்பு நீதிமன்றத்தையும் அப்பீல் விஷயத்தில் செஷன்ஸ் கோர்ட்டாகத்தான் பார்க்கிறார்கள். ஆக, இரண்டாவது வக்கீல் 60,000 ரூபாய்க்கு விற்கப் பார்த்த விடுதலை இந்த வழியில் இல்லவே இல்லை. முதல் வக்கீல் கிடையாது என்று சொன்ன அப்பீல் இருந்தது.

இன்னொரு வாசலும் உண்டு, ஆனால் குறுகலானது என்றார். ஒப்புதலே உண்மையான ஒப்புதல் இல்லை, ஆசை காட்டியோ ஏமாற்றியோ வாங்கியது என்று காட்ட முடிந்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது. தண்டனையைக் குறைப்பதாகப் பேசி வாங்கும் ஒப்புதல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்கு (உயிர், தனிமனிதச் சுதந்திர உரிமை) விரோதம் என்று 1980இல் குஜராத்திலிருந்து போன காசம்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பின்னர் திப்பசுவாமி வழக்கிலும் அதையே உறுதிப்படுத்தியது: லேசான தண்டனை என்று நம்பவைத்து ஒப்புக்கொள்ளச் செய்துவிட்டு, மேல் கோர்ட்டில் தண்டனையைக் கூட்டுவது தவறு, கூட்ட வேண்டும் என்று தோன்றினால் வழக்கை விசாரணைக்குத் திருப்பி அனுப்பி, எதிரிக்கு எதிர்வாதம் செய்ய வாய்ப்புத் தர வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்கு ஆவேசமே வந்துவிட்டது. எங்களை ஏமாற்றித்தானே ஒப்புக்கொள்ள வைத்தார்கள், அதையே போடுங்கள் மேடம் என்றேன். அவர் கோபப்படவில்லை, அவசரப்படவும் இல்லை. ஆசை காட்டியது கோர்ட்டோ அரசுத் தரப்போ இல்லை, நீங்கள் வைத்த வக்கீல். நீதிபதி கேட்டபோது யாரும் வற்புறுத்தவில்லை என்று உங்கள் தம்பியே சொன்னது பதிவாகியிருக்கிறது என்றார். சரி, அதையும் தாண்டி ஜெயித்தாலும் விடுதலை வராது, வழக்கு மறுபடி விசாரணைக்குப் போகும். அங்கே என்ன வாதம் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். போதைப்பொருள் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி மாஜிஸ்திரேட் முன்னாலோ கெசட்டட் அதிகாரி முன்னாலோ சோதனை போடச் சொல்லும் உரிமை உடம்பைச் சோதிக்கும்போதுதான். பையைச் சோதிப்பதற்கு அது பொருந்தாது என்று 2005லேயே உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது. எங்கள் வழக்கில் சரக்கு இருந்தது பையில்.

மறு வாரம் அவரே சிறைக்குப் போய்த் தம்பியைப் பார்த்தார். எது வேண்டும் என்று அவனிடமே கேட்டு, அவன் சொன்ன பிறகுதான் மனு தயாரானது. தண்டனையைக் குறைக்கக் கேட்டால் போதும் என்றான் அவன். இலவச வழக்கறிஞர் என்றால் ஒப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். காசு வாங்கிய முதல் வக்கீல் ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூடச் சிறைக்குப் போனதில்லை.

நான் கேட்ட சில்லறைக் கேள்விகளுக்கும் அவர் பதில் சொன்னார். அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடுமா? நாம் போடும் அப்பீலில் கூட்ட முடியாது. அரசு தனியாக அதற்கென்று கேட்டாலோ, உயர் நீதிமன்றம் நோட்டீஸ் கொடுத்தாலோதான் அந்தப் பேச்சு வரும். முதல் குற்றம்தானே, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைச் சட்டத்தில் விடமாட்டார்களா? போதைப்பொருள் சட்டத்தின் 33ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. 18 வயதுக்குக் கீழே இருந்தாலோ, போதைப்பொருள் பயன்படுத்தியது போன்ற ஒன்றிரண்டு குற்றங்களாக இருந்தாலோ மட்டும்தான் விலக்கு. சிறையில் நல்லபடி இருந்தால் நாள் கழியும் என்கிறார்களே? 32A பிரிவு அதையும் தடுக்கிறது. ஆனால் அப்பீல் நடக்கும்போது தண்டனையை நிறுத்திவைக்கிற அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு என்று 2000ஆம் ஆண்டு தாது வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரிமாண்டில் இருந்த நாட்களும் தண்டனையில் கழியும். சிறையில் உடன் இருப்பவர்கள் சொல்வதை வைத்துத் தம்பி ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். அது மொத்தமும் தப்பு.

உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போட 60 நாள் கெடு. (மாஜிஸ்திரேட் தண்டித்திருந்தால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள்.) எங்களுக்கு அது தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கோரி தனி மனு போட்டார். அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதச் சொன்னார். நானே டைப் அடித்தேன். மனு ஏற்கப்பட்டது.

2024 ஜனவரியில் தண்டனையை நிறுத்திவைத்து உத்தரவு வந்தது. அபராதத்தைக் கட்ட வேண்டும், இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். செயினை அப்போதுதான் அடகு வைத்தேன். தம்பி வெளியே வந்தபோது குழந்தைக்கு நாலு மாதம் முடிந்திருந்தது.

இறுதி வாதம் 2024 நவம்பரில். வழக்கறிஞர் என்னிடம் முன்பே பட்டியல் கொடுத்திருந்தார்: குழந்தையின் பிறப்புச் சான்று, தம்பியின் லைசென்ஸ், முன் வழக்கு இல்லை என்பதற்கான விவரம், சிறை நடத்தை பற்றிய தகவல். வாதம் பத்து நிமிடம்கூட இல்லை. சிறிய அளவைத் தாண்டியது 400 கிராம், வயது 24, முதல் குற்றம், முதல் வாய்ப்பிலேயே ஒப்புக்கொண்டு கோர்ட்டின் நேரத்தை மிச்சப்படுத்தியவர், சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனை இல்லை. எங்களைக் கவிழ்த்த அந்த ஒப்புதலையே அவர் வாதமாக எடுத்து வைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான்கு வருடம் ஒன்றரை வருடமாகக் குறைந்தது. அபராதம் அப்படியே நின்றது.

ஒன்றரை வருடத்தில் 11 மாதம் ஏற்கெனவே கழிந்திருந்தது. மிச்சம் ஏழு மாதத்துக்கு அவன் திரும்பப் போக வேண்டியிருந்தது. இப்படி ஆகலாம் என்று வழக்கறிஞர் ஜனவரியிலேயே சொல்லி வைத்திருந்ததால் வீட்டில் யாரும் உடைந்துபோகவில்லை. டிசம்பரில் அவனே போய்ச் சரணடைந்தான். 2025 ஜூலையில் வெளியே வந்தான். குழந்தை அவனைப் பார்த்து அழுதது, பிறகு பழகிவிட்டது.

அபராதம் போக, இந்த அப்பீலுக்கு ஆன மொத்தச் செலவு: வழக்கறிஞர் கட்டணம் ஒரு ரூபாய் கிடையாது. பஸ், ஜெராக்ஸ், ஜாமீன்தாரர்களைக் கூட்டிப் போன செலவு எல்லாம் சேர்த்து ஏழாயிரம் சொச்சம்.

இப்போது குறைகள். எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்றில், சிறையில் இருக்கிறவருக்கே வருமானச் சான்று கொண்டுவா என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். சட்டத்தில் அது தேவையில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. இரண்டு நாள் சம்பளம் போனது. போன் செய்தால் பெரும்பாலும் மணி அடித்துக்கொண்டே இருக்கும். வழக்கு எந்த நாளில் வருகிறது என்று யாரும் தகவல் சொல்வதில்லை. இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் சி.என்.ஆர். எண்ணைப் போட்டு நானேதான் தினமும் பார்த்தேன். உத்தரவு முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. தண்டனை அனுபவிக்கப் போகிறவனுக்குத் தமிழில் ஒரு பக்கமாவது எழுதிக் கொடுக்கக் கூடாதா என்பது என் வருத்தம். வழக்கறிஞர் வாயால் விளக்கினார், அது அவர் குணம். எல்லோருக்கும் அப்படி ஒருவர் அமைவார் என்று சொல்ல முடியாது. இதற்குத்தான் ஒரு மதிப்பெண் குறைவு.

யாருக்கு இந்த அப்பீல் பயன்படும் என்று கேட்பவர்களுக்கு: எடை நடுப்பகுதியில் இருந்தால், தண்டனை கடுமையாக விழுந்திருந்தால், கட்டாயம் கேளுங்கள். வணிக அளவு வழக்கில் ஒப்புக்கொண்டு 10 வருடம் வாங்கியிருந்தால் அளவைக் குறைக்கக் கேட்பதில் பயன் இல்லை, அதுவே சட்டத்தின் அடிமட்டம்; அங்கே ஒப்புதல் எப்படி வாங்கப்பட்டது என்ற கேள்வி மட்டும்தான் மிச்சம். 2006 முதல் சட்டமே அனுமதிக்கிற, குற்றத்தை ஒப்புக்கொண்டு பேரம்பேசித் தீர்க்கும் முறையில் (plea bargaining) வழக்கை முடித்திருந்தால் கணக்கே வேறு. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் அது, அதனால் தம்பிக்கு அந்த வழி இல்லை. அந்த முறையில் வந்த தீர்ப்புக்குத் தண்டனை அளவைப் பற்றிய அப்பீல்கூடக் கிடையாது. ரிட் மனுவோ உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுவோதான். கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளியில் வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், நாடு முழுக்க ஒரே எண். உள்ளே இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவே அப்பீல் மனுவைக் கொடுக்கலாம், அதற்கு வெளியில் ஒருவரும் அலைய வேண்டியதில்லை. எங்கள் கடைக்கு இப்படி யாராவது தீர்ப்பு நகலோடு ஜெராக்ஸ் எடுக்க வந்தால், முதல் பக்கத்தில் தேதியைப் பார்த்து அறுபது நாள் எண்ணிச் சொல்கிறேன். விண்ணப்பம் எழுதத் தெரியாது என்றால் உட்காரவைத்து எழுதியும் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம் என்று முதலாளியும் சொல்லிவிட்டார்.